தவலைக்கு எதற்குக் கை?

தென்காசியில் கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பெண்ணும் பருத்தது கிடையாது. தையற்கடைக்கு வந்து சேரும் அளவு ரவிக்கைகளை வைத்துச் சொல்வதானால் இதுதான் உண்மை. நாலு பிள்ளை பெற்றவளும், பேரன் எடுத்தவளும், மச்சுப்படியில் பாதி ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவளும் தாலி ஏறிய அன்றைக்கு இருந்த அதே அளவில்தான் இருந்தார்கள். ரவிக்கை அப்படித்தான் சொன்னது.

ஒலி முகம்மது அதை நம்பித் தைத்தான். வேறு வழியில்லை. சினிமாக்காரிகள் தோளுக்குத் தோள் பலூன் மாதிரி பப் கை வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. அந்தக் காலத்திலும் எந்தத் தையற்காரனும் ஒரு பெண் மேல் டேப் வைத்து அளந்துவிட முடியாது. அளந்தால் அந்த டேப்பாலேயே அவன் கழுத்தை அளந்துவிடுவார்கள். ஆகவே புதுத்துணியோடு ஒரு பழைய ரவிக்கையைச் சுருட்டி வீட்டு ஆம்பளையிடம் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதுதான் அளவு ரவிக்கை. அதன்படி தைப்பது தையற்காரன் பொறுப்பு. தைத்ததற்குள் உடம்பை நுழைப்பது யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் பேசி முடிவு செய்திருக்கவில்லை.

கடை, கோயில் வாசல் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஒலி முகம்மதும் தையல் மிஷினும். அந்தப் பக்கம் அவன் மனைவி ராபியா. கொக்கி வைப்பதும் ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவதும் அவள் வேலை. அவளுக்குக் கீழப்பாவூர். அவளுடைய வாப்பா வீடு வீடாகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். நடக்கப் பழகியதே அண்டாவைப் பிடித்துக்கொண்டுதான் என்று அவளே சொல்வாள்.

அந்த ஆனி மாதம் பிருஹதாம்பாளின் ரவிக்கை கிழிந்தது. தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் பஞ்சாபகேசனின் மனைவி அவள். கிழிந்ததைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பஞ்சாபகேசனே வந்தார்.

“பாய், நேத்திக்கு எங்க ஒண்ணுவிட்ட மச்சினிக்கு நலங்கு. இவ ஆரத்தி சுத்தறதுக்குக் குனிஞ்சா. டர்ருன்னு ஒரு சத்தம். நாயனக்காரன் வாசிப்பை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தான்.”

“அளவு ரவிக்கைப்படிதான் சாமி தச்சேன்.”

“எங்கிட்டச் சொல்லும், கேட்டுக்கறேன். ஆத்துல வந்து சொல்ல முடியுமா உம்மால? என்னாலயே முடியலை.” அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டார். “ஆவணியில எங்க அகிலாண்டத்துக்குக் கல்யாணம். பொம்மனாட்டிகள் துணியே ஒரு மூட்டை இருக்கு. பஸ் ஸ்டாண்டு தில்லைநாயகம் கடையில கொடுத்துடலாம்கிறா. அங்கே ஆளுயரக் கண்ணாடி வச்சிருக்கானாமே.”

தில்லைநாயகம் கண்ணாடி வைத்திருந்தது வாஸ்தவம். அவன் கடையில் வேறொரு ஏற்பாடும் இருந்தது. புருஷன்மார் வீட்டில் டேப் பிடித்து அளந்து, எண்ணை வந்து சொல்ல வேண்டும். அளந்த புருஷன்மார் எல்லோரும் மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் எண்ணைச் சொன்னார்கள். அதனால் அங்கேயும் ரவிக்கை கிழியத்தான் செய்தது. ஆனால் கண்ணாடி இருந்தது.

ஹெட்கிளார்க் வீட்டு மூட்டை அங்கே போனால், பின்னாலேயே அக்கிரகாரம் போகும். அக்கிரகாரம் போனால் பிள்ளைமார் தெரு ஒரு நாள்கூடத் தாமதிக்காது. அப்புறம் ஒலி முகம்மது தலையணை உறை தைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

பஞ்சாபகேசன் போனதும் ராபியா, இன்னும் திருப்பிக் கொடுக்காமல் கடையிலேயே கிடந்த மாமியின் அளவு ரவிக்கையை எடுத்து மோந்து பார்த்தாள்.

“ஏங்க, இது பாச்சா உருண்டை வாசம் அடிக்குது.”

“அதுக்கு?”

“அன்னாடம் போடுத துணியில வேர்வை வாசம்லா வரும்? இது பெட்டிக்கு அடியில கெடந்தது. மாமி இதப் போட்டு இருவது வருசம் இருக்கும். பெருத்துட்டேன்னு நம்மகிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இதக் குடுத்துவிட்டிருக்காக.”

“சரி, பெருத்தது எவ்வளவுன்னு நான் போயிக் கேக்கவா?”

“நீங்க கேக்காண்டாம். நான் பாத்துட்டு வாரேன்.”

“எங்கன போயிப் பாப்பே?”

“குத்தாலத்துல,” என்றாள் ராபியா. “சாரல் விழுந்துட்டுல்லா. ஊர்ல உள்ள பொம்பளை பூரா அங்கனதான் நிப்பா.”

அவள் சொன்னது சரிதான். சாரல் விழுந்தால் தென்காசியில் பெண்கள் இருக்கமாட்டார்கள். இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மலைக்கு மேலே மேகம் படுத்துக் கிடக்கும். வெயில் அடிக்கும்போதே தூறல் மூஞ்சியில் விழும். பேரருவியில் பெண்கள் பக்கம் எண்ணெய் வாசமும் சீயக்காய் வாசமும் கூச்சலுமாக இருக்கும். பாறை மேல் குரங்குகள், யார் பையில் பழம் இருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கும். அருவிக்குள் நுழைந்து வெளியே வரும்போது எந்தப் புடவையும் பொய் சொல்லாது. கொசுவத்தில் ஒளித்ததும் முந்தானையில் மறைத்ததும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளது உள்ளபடி நிற்கும்.

ராபியா பக்கத்து வீட்டு நூர்நிஷாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கரையில் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். துப்பட்டிக்குள் இருக்கிறவள் எதைப் பார்க்கிறாள் என்று யார் கண்டது? மத்தியானத்துக்குள் கடையின் வாடிக்கைக்காரிகளில் முக்கால்வாசிப் பேரைப் பார்த்து முடித்துவிட்டு, தானும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

வந்ததும் சொல்ல ஆரம்பித்தாள். “பிருஹதாம்பா மாமிக்கு இடுப்பு இருக்குல்லா...”

“அஸ்தஃபிருல்லா!” ஒலி முகம்மது இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “ஏளா, அடுத்த வீட்டுப் பொம்பளை இடுப்பப் பத்தி எங்கிட்டப் பேசுதியே. கேட்டா எனக்குப் பாவமில்லையா?”

“தெரியாமத் தச்சுக் கிழிஞ்சா மட்டும் நன்மையா?”

“கிழியட்டும். இடுப்புன்னு சொல்லாத.”

ராபியா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். “சரி, இடுப்புன்னு சொல்லல. தவலைன்னு சொல்லுதேன். ஹெட்கிளார்க் வீட்டு மாமி தவலை. போதுமா? பாத்திரத்தப் பத்திக் கேட்டாப் பாவமில்லையே?”

ஒலி முகம்மது ஆலோசித்தான். பாத்திரத்தைப் பற்றிக் கேட்பது பாவம் என்று அவன் எங்கும் கேள்விப்பட்டதில்லை. யாரிடமும் போய்க் கேட்காமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றியது.

“எந்தத் தவலை?”

“நம்ம வெந்நித் தவலை இல்ல. பருப்பு வேகவைக்கிற தவலை. சுத்திவர உருண்டை, கழுத்து குட்டை. அதுல போயி பப் கை கேட்டிருக்காக. தவலைக்கு ரெண்டு பக்கமும் கூஜாவைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆயிரும். வேண்டாம். கழுத்த முன்னால கூரா எறக்குங்க. நெட்டுக்கோடு போட்ட துணி இருந்தா அத எடுங்க. அப்பத்தான் பாக்குதவன் கண்ணு மேலயும் கீழயும் போகும், சுத்தி வராது.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அரிசி மில்காரர் வீட்டு ஆவுடையம்மாள் செம்பு: மேலே சின்னது, கீழே தாராளம். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் டம்ளர்: தோள் அகலம், கீழே வரவர ஒடுக்கம். ஹெட்கிளார்க்கின் மகள் அகிலாண்டம் கரண்டி. ஒலி முகம்மது அளவு ரவிக்கையை மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டுப் பாத்திரத்தை நினைத்துக்கொண்டு துணி வெட்டினான். செம்புக்குப் பப் கை வைத்து மேல்பக்கத்தை நிறைத்தான். டம்ளருக்குத் தோள் தையலை உள்ளே இழுத்தான்.

பிருஹதாம்பாளுக்குக் கிழிந்ததற்குப் பதிலாக ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் கோயிலுக்குப் போய்த் தீபாராதனையின்போது இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கல்யாண மூட்டை மறுநாளே சந்துக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே மற்ற தெருக்களும் வந்தன. அளவைப் பார்க்காமலே பாய் தைக்கிறான், வீட்டுக்குள் ஒரு ஜின்னைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று ஊரில் பேச்சு. ஒலி முகம்மது அதை மறுக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கத்தான் செய்தது.

ஆடி முடிகிற சமயம். மூட்டையில் பாதி தைத்தாகிவிட்டது, மீதி வெட்டிக் கிடந்தது. வெளியே தூறல். ஒலி முகம்மது தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரியும் கையுமாக நின்றவன் திரையைப் பார்த்துக் கேட்டான்:

“ஏளா ராபியா, ஹெட்கிளார்க் வீட்டுத் தவலைக்குக் கை முழங்கை வரைக்குமா, மேலயா?”

“முழங்கைக்கு ரெண்டு விரக்கடை மேல,” என்றது திரை.

“எங்காத்துத் தவலைக்கு எதுக்கு ஓய் கை?” என்றது வாசல்.

ஒலி முகம்மது திரும்பினான். பஞ்சாபகேசன் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். அவர் உண்மையாகவே விளக்கம் கேட்கிற முகத்தோடுதான் இருந்தார். அவர் வீட்டில் இரண்டு தவலைகள் இருந்தன, இரண்டுக்கும் வளையம்தான் உண்டு.

ஒலி முகம்மது கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டான். பஞ்சாபகேசன் அவன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அது போன தீபாவளிக்குத் தானே எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறத் துணி என்பது தெரிந்தது. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்த மூளை மெல்ல மேலே ஏறி வந்தது. மீசை இல்லாத உதட்டில் ஒரு துடிப்பு. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இருந்துதான் பார்த்தார். ராத்திரி பிருஹதாம்பாள் சாதம் போட்டுவிட்டு, “அந்தத் தவலையை இப்படி நகர்த்துங்கோ,” என்றாள். அவருக்குப் புரை ஏறிவிட்டது. இருமி முடிப்பதற்குள் கடையில் கேட்டது முழுவதையும் அவள் கறந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சந்துக்குள் பெண்கள் வந்தார்கள். முன்னால் பிருஹதாம்பாள், பக்கத்தில் ஆவுடையம்மாள், பின்னால் சந்து கொள்கிற அளவுக்கு ஆட்கள். ஒலி முகம்மது அவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

“ஏளா, நான் பள்ளிவாசலுக்குப் போயிட்டு வந்துருதேன்.”

“இப்ப என்ன தொழுகைக்குப் பாங்கா சொல்லியிருக்கு? உக்காருங்க,” என்றாள் ராபியா.

அவன் உட்கார்ந்தான். கால் தானாக மிஷினை மிதித்தது. ஊசிக்கடியில் துணி இல்லை.

“மூட்டையை எடுத்து வையும்,” என்றாள் பிருஹதாம்பாள். “தச்சது, தைக்காதது, வெட்டினது, எல்லாத்தையும். எங்காத்துப் பாத்திரங்களுக்கு நாங்களே சட்டை தச்சுக்கறோம். எங்கே உம்ம ஆம்படையா? வரச்சொல்லும் வெளியில.”

திரை விலகியது. ராபியா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“நான்தான் மாமி சொன்னேன். அவுகளை ஏசாதீங்க.”

“என்னைத் தவலைன்னயா?”

“ஆமா மாமி.”

இப்படி ஒரு பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், சத்தியம் செய்வாள், அழுவாள், அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள்.

“எங்கேடி பாத்தே நீ என்னை?”

“குத்தாலத்துல. அருவிக்குள்ள இருந்து வாரப்ப.”

“அடிப்பாவி! குளிக்கற எடத்துலயா?”

“நீங்க அனுப்புன அளவு ரவிக்கை உங்க கல்யாணத்தன்னைக்கு உள்ளது மாமி. அத வச்சுத் தச்சா தவலைக்கு மூடிதான் தைக்கலாம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அது டம்ளர் என்று ஒலி முகம்மதுவுக்குக் குரலிலேயே தெரிந்தது. அவன் தலையை நிமிர்த்தவில்லை.

“நான் என்ன செய்யறது?” பிருஹதாம்பாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. “தையக்காரன்கிட்டப் பெருத்துட்டேன்னு ஒத்துண்டா ஊருக்கே ஒத்துண்ட மாதிரின்னா. ஒரு பழைய ரவிக்கையைக் கொடுத்துட்டா, அவன் தப்பாத் தச்சுட்டான்னு சொல்லிக்கலாம் பாரு.”

“அதத்தான மாமி எல்லாரும் செய்யுதீங்க.”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆவுடையம்மாள்தான் முதலில் தொண்டையைக் கனைத்தாள்.

“ஏட்டி, அது கெடக்கட்டும். நான் என்ன பாத்திரம்?”

“வேண்டாம் ஆச்சி.”

“சொல்லுட்டிங்கேன். அவாளைச் சொல்லிட்டேல்லா? எனக்கு மட்டும் என்ன ஒளிவு?”

“செம்பு ஆச்சி.”

ஆவுடையம்மாள் மனசுக்குள் ஒரு செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “செம்புன்னா மோசமில்லையே,” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

“மோசமில்ல ஆச்சி. நீங்கதான் மேல கறுப்பும் கீழ மஞ்சளுமாக் கட்டிக் கெடுத்துக்கிடுதீங்க. மேல வெளுப்பு, கீழ அடர்ந்த நெறமுன்னு மாத்திக் கட்டிப் பாருங்க. கண்ணு மூஞ்சியிலயே நிக்கும்.”

“அதான பாத்தேன். மில்காரர் எம் மூஞ்சியப் பாத்துப் பேசி வருசக்கணக்காச்சு.”

இதற்கப்புறம் கூட்டத்தை அடக்க முடியவில்லை. எனக்குச் சொல்லு, எனக்குச் சொல்லு என்று நெருக்கினார்கள். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் டம்ளர் என்றதும் கோபித்துக்கொண்டு, எவர்சில்வரா பித்தளையா என்று கேட்டாள். ஆனால் எல்லோர் மனசிலும் கிடந்த கேள்வியைப் பிருஹதாம்பாள்தான் கேட்டாள்.

“இந்தா, நேரா சொல்லு. இந்த ஊர்ல குத்துவிளக்கு யாரு?”

சந்தே திரும்பி ராபியாவைப் பார்த்தது. மேலே அகலம், நடுவே ஒல்லி, கீழே மறுபடி அகலம். சினிமாவில் அதைத்தான் காட்டினார்கள். ராபியா ஒருத்தி பெயரைச் சொன்னால் அவள் உயிரோடு வீடு போய்ச் சேருவது சந்தேகம்.

“நானும் குத்தாலத்துல காலையில இருந்து உக்காந்து பாத்தேன் மாமி,” என்றாள் ராபியா. “ஒருத்தர்கூட இல்ல.”

யாருமே குத்துவிளக்கு இல்லை என்றதும் கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெற்றிலைப்பெட்டியைத் திறந்தாள்.

பிருஹதாம்பாள் மட்டும் நின்றாள். “எங்க அகிலாண்டம்?”

ராபியா முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“என்னைச் சொன்ன வாய்தானே? சொல்லு.”

“கரண்டி மாமி.”

பிருஹதாம்பாளின் முகம் சுருங்கியது. தன்னைத் தவலை என்றபோதுகூட அப்படிச் சுருங்கவில்லை. “பொண்ணு பாக்க வந்தப்போ மாப்பிள்ளையோட அத்தை சமையலுள்ளுக்குக் கேக்கற மாதிரி சொன்னா. ஒட்டடைக் கொம்புக்குப் புடவை சுத்தியிருக்கான்னு. குழந்தை அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. இப்பவும் எதைக் கட்டினாலும், அம்மா, கம்பு மாதிரி இருக்கேனான்னு கேக்கறா. முகூர்த்தத்துக்கு ஒன்பது கஜம், அது எல்லாத்தையும் மூடிடும். சாயங்காலம் ஆறு கஜம் கட்டிண்டு அந்த அத்தை முன்னாடி உக்காரணுமே. அதுக்குத்தானேடி உங்கிட்டக் கொடுத்தேன்.”

ஒலி முகம்மதுவின் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்தியது. மூட்டை போய்விடும் என்றுதான் இதுவரை பயந்துகொண்டிருந்தான். இப்போது வேறு மாதிரி பயமாக இருந்தது.

ராபியா உள்ளே போய் ஒரு ரவிக்கையை எடுத்து வந்தாள். பச்சைப் பட்டு. அதைப் பிருஹதாம்பாளின் கையில் விரித்து வைத்தாள்.

“இது அகிலாண்டத்துக்கு. கையில பப் வச்சு, பப்புக்குள்ள விறைப்பா இன்னொரு துணி குடுத்திருக்கு, அமுங்காது. தோளு ரெண்டும் நெறஞ்சு நிக்கும். முன்பக்கம் சுருக்கு வச்சுப் பிடிச்சிருக்கு. கழுத்து மேல ஏறி இருக்கதால காறை எலும்பு தெரியாது. பெரிய கட்டம் போட்ட பொடவையாக் கட்டச் சொல்லுங்க, கஞ்சி போட்டு. நெட்டுக்கோடு மட்டும் கிட்டவே வரக்கூடாது. அது உங்களுக்கு.”

பிருஹதாம்பாள் ரவிக்கையின் கைக்குள் தன் விரல்களை விட்டுப் பார்த்தாள். பப்பை அமுக்கினாள். அது எழுந்து நின்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடி எழுந்து நின்றது.

“அந்த அத்தை என்ன பாத்திரம்னு சொல்லுவியோ?” என்றாள்.

“கல்யாணத்துக்கு வரட்டும் மாமி, பாத்துருவோம்.”

பிருஹதாம்பாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடையின் நடுவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் மிஷினுக்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளை இருப்பதே அவள் கண்ணில் பட்டது.

“ஏன் பாய், பொம்மனாட்டிகள் அளவு பேசிண்டிருக்கோம். நீர் இங்க என்ன பண்றீர்? போம் வெளியில.”

“என் கடை மாமி இது.”

“இருந்துட்டுப் போகட்டும். போம்.”

அவன் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. தூறல் விட்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் பஞ்சாபகேசன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“மூட்டையைத் தூக்கிண்டு போயிட்டாளா பாய்? நான் தடுத்தேன். நீங்க வாயைத் திறக்கவே படாதுன்னுட்டா.”

“போவல சாமி. உள்ள இருக்காக.”

“அடிதடியா?”

“சிரிப்பு.”

பஞ்சாபகேசன் நம்பவில்லை. படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதவில் காதை வைத்தார். உள்ளே ஏழெட்டுக் குரல்கள். ஒரு குரல் தனியாக மேலே வந்தது, ஆவுடையம்மாள் குரல்: “எங்க வீட்டு மில்காரர் சல்லடைல்லா. காலையில என்ன சொன்னாலும் சாயங்காலம் ஒண்ணு தங்காது.”

சிரிப்பு கதவை முட்டியது. இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

“எங்காத்துக்காரரா?” இது பிருஹதாம்பாள். பஞ்சாபகேசன் கண்ணை மூடிக்கொண்டார். “அவர் மூடி. எந்தப் பாத்திரத்துலயும் சரியா உக்காராத மூடி. எங்க வச்சாலும் லொடலொடன்னு சத்தம்தான்.”

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பஞ்சாபகேசன் கண்ணைத் திறந்தார்.

“என்னமோ சொன்னாளே. உமக்குக் கேட்டுதா?”

“காதுல விழலியே சாமி.”

“எனக்கும் விழலை,” என்றார் பஞ்சாபகேசன்.

உள்ளே யாரோ ராபியாவைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ சொல்லுட்டி, நீ சொல்லு. உன் மாப்பிள்ளை என்ன?” ராபியா மாட்டேன், மாட்டேன் என்றாள். அப்புறம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். கூரை ஓடு நகர்ந்துவிடும் போல ஒரு சிரிப்பு. டம்ளர் சிரித்துச் சிரித்து அழுதே விட்டாள்.

ஒலி முகம்மது எழுந்தான். வேட்டியை உதறிக் கட்டினான்.

“எங்கே கிளம்பிட்டீர்?”

“பள்ளிக்கு சாமி.”

“இன்னும் நேரம் இருக்கே.”

“இருந்தாலும் போயி உக்காந்திருக்கேன்.”

கதவுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பித்தது. பஞ்சாபகேசன் கதவைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டார்.

“பாய், செத்தே நில்லும்,” என்றார். “நானும் வரட்டுமா?”